தாய்க்குத் துணை நிற்கப் பழக்குங்கள்!

கடைக்குப் புதிதாக ஒரு பையனை வேலைக்கு எடுக்கிறோம். வந்த அன்றே அவனைக் கல்லாவில் உட்கார வைப்போமா? சரக்கு அடுக்கச் சொல்வோம். எடை போடக் கற்றுக் கொடுப்போம். வாடிக்கையாளர் கோபப்பட்டால் எப்படிப் பேச வேண்டும், கடன் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்கில் பழக்குவோம். அதன் பிறகுதான் பொறுப்பை அவன் கையில் கொடுப்போம். வியாபாரிகள் அனைவருக்கும் தெரிந்த பாலபாடம் இது.

ஆனால் நம் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைக்கிறோம், அவருக்கு யார் என்ன பழக்கினார்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

ஒரு குழந்தை கருவில் உருவானதில் இருந்து ஆறு வயதில் பள்ளிக்கூடம் போகும் வரை அரசாங்கத்தின் சார்பில் அந்தக் குடும்பத்தைச் சந்திக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் கிராம சுகாதார செவிலியர். இன்னொருவர் அங்கன்வாடிப் பணியாளர். நம் ஊர்ப் பேச்சில் பால்வாடி டீச்சர். காசு உள்ள வீடுகளுக்கு மூன்றாவதாக நர்சரிப் பள்ளி ஆசிரியை இருக்கிறார். முதலாமவரிடம் ஊசியும், இரண்டாமவரிடம் சத்துமாவும், மூன்றாமவரிடம் ஏ.பி.சி.டி.யும் எதிர்பார்ப்பதோடு நாம் நிறுத்திக் கொள்கிறோம். அரசாங்கமும் இவ்வளவையே அவர்களிடம் கணக்குக் கேட்கிறது.

பெற்றோருக்குப் பக்கத் துணையாக நிற்பது, பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று தாய்க்கும் தந்தைக்கும் கைபிடித்துச் சொல்லிக் கொடுப்பது என்ற அந்தப் பெரிய வேலையை யாரும் கேட்பதில்லை. அதற்கு இவர்களை முறையாகப் பழக்குவதும் இல்லை. இது மாற வேண்டும் என்பதே இந்தத் தலையங்கத்தின் கோரிக்கை.

ஆறில் ஒன்று எங்கே போனது?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாட்டின் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. அங்கன்வாடிகள் அதன் கீழ் வந்தவை. தமிழகத்தில் 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அரசு கொண்டு வந்த சத்துணவுத் திட்டம் பள்ளிப் பருவத்துக்கு முந்தைய குழந்தைகளையும் சேர்த்துக் கொண்டது. இதனால் குழந்தைகளின் பசி தணிந்தது. அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது.

அங்கன்வாடியின் மூலம் ஆறு சேவைகள் கிடைக்க வேண்டும் என்று அந்தத் திட்டம் சொல்கிறது. இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தல் ஆகிய ஐந்தும் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். ஆறாவது எது? 15 முதல் 45 வயது வரை உள்ள பெண்களுக்கு உணவு, உடல்நலம் பற்றிய கல்வி! அதாவது, தாயைப் பழக்குவது. திட்டம் எழுதியவர்கள் இதை மறக்கவில்லை. நடத்துகிறவர்கள்தான் மறந்து விட்டார்கள்.

பால்வாடியில் குழந்தை இருப்பது ஒரு நாளில் சில மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் வீட்டில். கைக்குழந்தைக்கோ முழு நாளும் வீடுதான். அப்படியிருக்க, வீட்டில் உள்ளவர்களைத் தொடாத திட்டம் குழந்தையை எவ்வளவு தூரம் தொட முடியும்?

மாவு வேண்டும், மாவு மட்டும் போதாது

மனித மூளையின் வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்து முடிந்து விடுகிறது என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையே ஒப்புக் கொள்கிறது. ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் 25 கோடிக் குழந்தைகள், அதாவது நூற்றுக்கு 43 பேர், தங்களுக்கு இயல்பாக உள்ள திறமையை எட்டாமலே போகும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று 2016இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு கூறியது.

இந்த வளர்ச்சிக்கு உணவு வேண்டும். உணவோடு பேச்சும் விளையாட்டும் அரவணைப்பும் வேண்டும். வியாபாரிகள் லாப நஷ்டக் கணக்குப் பார்ப்பவர்கள் என்பதால் ஒரு கணக்கைச் சொல்கிறோம்.

ஜமைக்கா என்று ஒரு சிறு தீவு நாடு. அதன் தலைநகர் கிங்ஸ்டனில் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை 1986–87இல் ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் 9 மாதம் முதல் 24 மாதம் வரை வயதுள்ளவர்கள். சிலருக்குச் சத்துணவு கொடுத்தார்கள். சிலருடைய வீட்டுக்கு வாரம் ஒரு முறை ஒரு சுகாதாரப் பணியாளரை அனுப்பினார்கள். சிலருக்கு இரண்டும் கிடைத்தன. சிலருக்கு இரண்டுமே இல்லை. அந்தப் பணியாளர்கள் டாக்டர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள். ஒரு மணி நேரம் தாயோடு அமர்ந்து, வீட்டிலேயே செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்துப் பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று காட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார்கள். வீட்டுக்கு ஆள் வந்து கற்றுக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் மற்றவர்களை விட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் பங்கு பெற்ற அந்த ஆய்வு 2014இல் வெளியானது. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் இந்த நீண்ட காலப் பலன் தென்படவில்லை.

வாரம் ஒரு மணி நேரம். இரண்டு ஆண்டு. முதலீடு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்!

தாயின் மனம் நொந்தால்...

நம் சமுதாயத்தில் பல ஊர்களில் கணவன் வளைகுடாவில் இருக்கிறான். ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒரு முறை வருகிறான். பிரசவ நேரத்தில் பக்கத்தில் இருப்பதில்லை. இருபது வயது கூட நிரம்பாத பெண் கைக்குழந்தையோடு தனியாகத் தவிக்கிறாள். காரணமில்லாமல் அழுகிறாள். பிள்ளையைத் தூக்கவே மனமில்லாமல் கிடக்கிறாள். நாம் என்ன சொல்கிறோம்? கண்ணூறு என்கிறோம். ஓதிப் பார்க்கிறோம். சோம்பேறி என்று ஏசுகிறவர்களும் உண்டு. அது பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வு என்ற நோய் என்பதும், அதற்குத் தீர்வு உண்டு என்பதும் நம் வீடுகளுக்குத் தெரியாது. துஆச் செய்வதை யாரும் தடுக்கவில்லை. அதோடு மருந்தும் தேட வேண்டாமா?

பாகிஸ்தானில் ராவல்பிண்டியை ஒட்டிய கிராமங்களில் மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மான் தலைமையில் ஒரு முயற்சி நடந்தது. வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பெண் பணியாளர்களுக்கு, மனச்சோர்வில் இருக்கும் தாயிடம் எப்படிப் பேச வேண்டும், எப்படிக் காது கொடுக்க வேண்டும், குடும்பத்தாரை எப்படிச் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். முதலில் இரண்டு நாள். நான்கு மாதம் கழித்து மீண்டும் ஒரு நாள். இதற்கு மேல் மாதந்தோறும் அரை நாள் கூட்டி வைத்து, சந்தித்த சிக்கல்களைப் பேசித் தீர்த்தார்கள்.

பலன் 2008இல் வெளியானது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, இந்தத் துணை கிடைத்த தாய்மார்களில் 23 சதவீதம் பேர்தான் மனச்சோர்வில் இருந்தார்கள். பணியாளர் வழக்கம் போல் வந்து போன தாய்மார்களில் 53 சதவீதம் பேர்!

நம் வீடுகளைப் போன்ற வீடுகள். நம் பெண்களைப் போன்ற பெண்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

போலியோ சொல்லிக் கொடுத்த பாடம்

பயிற்சி பெற்ற ஆள், அதுவும் நம் தெருவைச் சேர்ந்த ஆள், வாசலில் வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதை இந்திய முஸ்லிம்கள் ஒரு முறை கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

2002இல் நம் நாட்டில் 1,600 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. பெரும்பான்மை உத்தரப் பிரதேசத்தில். அங்கே பல முஸ்லிம் பகுதிகளில் 'இது கருத்தடை மருந்து' என்ற வதந்தி பரவி, கதவைச் சாத்திக் கொண்டார்கள். அரசாங்கம் செய்த எதையும் நம்ப முடியாத நிலையில் இருந்த மக்களின் அச்சம் அது. அதட்டினால் தீருமா? தீரவில்லை.

பிறகுதான் யுனிசெஃப் துணையோடு அந்தந்தத் தெருவிலிருந்தே பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். உலமாக்கள் பள்ளிவாசல்களில் அறிவிப்புச் செய்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் களத்தில் இறங்கின. மூடிய கதவுகள் திறந்தன. 2011 ஜனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஹவ்ரா மாவட்டத்தில் பதிவானதே கடைசி நோயாளி. 2014 மார்ச் 27இல் இந்தியா போலியோ அற்ற நாடு என்ற சான்று பெற்றது.

 மருந்தைக் கொண்டு வந்த ஆளும் அவர் பேசிய விதமும் மாறின.

பயிற்சி என்றால் எது?

மண்டபத்தில் உட்கார வைத்து, திரையில் படம் காட்டி, தேநீர் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்புவதற்குப் பெயர் பயிற்சி அல்ல.

ஓர் உதாரணம். நம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் பேரீச்சம்பழத்தை மென்று வாயில் தடவும் தஹ்னீக் உண்டு. பயிற்சி இல்லாத பணியாளர் என்ன செய்வார்? 'யாரைக் கேட்டு வைத்தீர்கள்?' என்று அதட்டுவார். அந்தத் தாய் அடுத்த முறை எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டாள். அதன் பின் தேன் கொடுத்தாலும் சீனித் தண்ணீர் கொடுத்தாலும் மறைத்தே கொடுப்பாள். பயிற்சி பெற்றவரோ, 'நபிவழி என்று செய்திருக்கிறீர்கள், சரிம்மா. இனி ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஒரு வயது வரை தேன் வேண்டவே வேண்டாம்' என்று காரணத்தோடு சொல்வார். இரண்டு ஆண்டு பாலூட்டுவதைப் பற்றிக் குர்ஆனே பேசுகிறது என்பதை அந்தத் தாய்க்கு நினைவூட்டவும் அவரால் முடியும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் பல வீடுகளில் பேச்சு மொழி உருது. அங்கே பணிபுரிகிறவருக்கு அந்த மொழியில் நாலு வார்த்தையாவது தெரிய வேண்டாமா? கூட்டுக் குடும்பத்தில் முடிவெடுப்பது மாமியார் என்றால், மருமகளிடம் மட்டும் பேசி என்ன பயன்? கடற்கரை ஊர்களில் வாப்பாமார் வெளிநாட்டில் என்றால், அவரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசுவதும் பணியாளரின் வேலையில் அடங்க வேண்டும்.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால் 'ஆம்பளைப் புள்ள மெதுவாத்தான் பேசும்' என்று தள்ளிப் போடுகிறோம். காது கேளாமை, ஆட்டிசம் போன்றவற்றை எவ்வளவு சீக்கிரம் கண்டு பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. பிறவிக் குறைபாடுகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் இலவசமாகக் கண்டறிந்து சிகிச்சை அளிக்க 2013இலேயே மத்திய அரசு தனித் திட்டம் கொண்டு வந்து விட்டது. தாயைப் பயமுறுத்தாமல் அங்கே அனுப்பி வைக்கும் பக்குவம் பணியாளருக்கு வேண்டும்.

அழுகிற பிள்ளைக்குச் செல்போனைக் கொடுத்து அடக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் புகுந்து விட்டது. இரண்டு வயது நிரம்பும் வரை திரையே வேண்டாம், அதன் பிறகு ஐந்து வயதுக்குள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. 'கொடுக்காதே' என்று சொல்வது எளிது. அடுப்படி வேலையில் இருக்கும் தாய் அதற்குப் பதிலாக என்ன கொடுக்க வேண்டும் என்று செய்து காட்டுவதே பயிற்சி. கிண்ணமும் கரண்டியும் துணி உருண்டையும் போதும்!

ஆட்சியாளர்களின் கவனத்துக்கு

மத்திய அரசு 2023 மே மாதம் 'போஷண் பீ, படாயீ பீ' என்ற பெயரில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு முன்பருவக் கல்விப் பயிற்சியைத் தொடங்கியது. பிறப்பு முதல் மூன்று வயது வரை தாய் வீட்டிலேயே செய்யக் கூடிய 140 செயல்களை மாத வாரியாகத் தொகுத்து 'நவ்சேதனா' என்ற வழிகாட்டி 2024இல் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் சில நாள் வகுப்போடு முடிந்து விட்டால் அது ஏட்டுச் சுரைக்காய்தான். ராவல்பிண்டியில் பலன் தந்தது, மாதந்தோறும் கூட்டி வைத்துக் கைதூக்கி விட்ட ஏற்பாடு. அது இங்கேயும் வேண்டும். செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் சேர்ந்தே பயிற்சி பெற வேண்டும். ஒருவர் ஒன்றும் இன்னொருவர் வேறொன்றும் சொன்னால் தாய் யாரை நம்புவாள்?

அந்தப் பணியாளரின் நிலையையும் பாருங்கள். 2018 அக்டோபரில் மத்திய அரசு அவருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துக் கொடுக்கிறது. பணிக்கொடைக்கு அவர்கள் உரிமை உள்ளவர்கள் என்று சொல்லக் கூட 2022இல் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. பதிவேடு, செல்போன் செயலியில் பதிவு, மாவு வாங்குவோரின் முகத்தைப் படம் பிடிப்பது, தேர்தல் காலத்தில் வாக்காளர் பட்டியல் வேலை என்று சுமைக்கு மேல் சுமை. இத்தனைக்கும் நடுவில் தாயோடு உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் எங்கே? பயிற்சி கொடுப்பவர்கள் நேரத்தையும் கொடுக்க வேண்டும். நியாயமான ஊதியத்தையும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. 2006இல் அறிவிக்கப்பட்ட சிறுபான்மையினருக்கான பிரதமரின் புதிய 15 அம்சத் திட்டத்தில் முதல் அம்சமே, சிறுபான்மையினர் கணிசமாக வாழும் பகுதிகளில் அங்கன்வாடிச் சேவை நியாயமான அளவில் கிடைக்க வேண்டும் என்பதுதான். அதே 2006 டிசம்பர் 13இல் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத கிராமத்தினரும் குடிசைப் பகுதியினரும் கேட்டால் மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் மஹல்லாக்களில் எத்தனை பேர் கேட்டோம்? கேட்காத உரிமை கிடைக்காது.

நம் பங்கு என்ன?

அரசாங்கத்தைக் குறை கூறி விட்டுக் கையைக் கட்டிக் கொண்டிருக்க முடியாது.

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அங்கன்வாடி எங்கே, அது எந்த நிலையில் உள்ளது, பணியாளருக்கு என்ன பயிற்சி கிடைத்தது என்று கணக்கெடுங்கள். தகவல் கிடைக்கவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடுங்கள்.

வியாபாரிகளே! எடை பார்க்கும் கருவி, மின்விசிறி, பாய், விளையாட்டுச் சாமான் என்று உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு இல்லாததைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். நல்ல கட்டடம் இல்லை என்றால் உங்களிடம் சும்மா கிடக்கும் இடத்தைக் குறைந்த வாடகைக்குக் கொடுங்கள். உங்கள் கடையில் வேலை செய்யும் பெண் பிள்ளையை ஊசிக்கு அழைத்துப் போக வேண்டும் என்றால் சம்பளம் பிடிக்காமல் விடுப்புக் கொடுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! மாதம் ஒரு நாள் மதரஸா கூடத்தைத் திறந்து விடுங்கள். செவிலியரையும் பால்வாடி டீச்சரையும் அழைத்துத் தாய்மார்களோடு உட்கார வையுங்கள். ஊர் ஆலிமாவும் உடன் இருக்கட்டும். ஆண்களுக்கு ஜும்ஆ பயானில் இதைச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை வளர்ப்பு பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றிய சுமை அல்ல.

நம் அறக்கட்டளைகள் நடத்தும் நர்சரிப் பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. மூன்று வயதுப் பிள்ளையின் பிஞ்சு விரலில் பென்சிலைத் திணித்து, வீட்டுப் பாடம் என்று தாயையும் அழ வைப்பது கல்வியல்ல. குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்தவரை ஆசிரியையாக்கி விட்டு, சீருடைக்கும் ஆண்டு விழாவுக்கும் செலவு செய்கிறோம். அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஆசிரியைகளின் பயிற்சிக்குச் செலவிடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் மார்க் பேசுவதை நிறுத்தி, பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள்.

படித்த நம் பெண்களுக்கு வீட்டுக்கு அருகிலேயே உள்ள வேலை இது. அந்தந்தப் பகுதியில் வசிக்கும் பெண்களைத்தான் அங்கன்வாடிக்கு எடுக்கிறார்கள். 2025இல் தமிழக அரசு ஏழாயிரத்துக்கும் அதிகமான அங்கன்வாடி இடங்களை நிரப்ப ஆணையிட்டது. நம் மஹல்லாவிலிருந்து எத்தனை விண்ணப்பங்கள் போயின? 'அரசு வேலையில் நமக்கு இடமில்லை' என்று மேடையில் முழங்குகிற நாம், விண்ணப்பம் போடும் நாளில் எங்கே போகிறோம்? அடுத்த அறிவிப்பு வரும்போது ஒவ்வொரு ஜமாஅத்தும் தகுதியுள்ள பெண்களைத் தேடிப் பிடித்து விண்ணப்பிக்க வைக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் மூடிய கதவைத் திறந்தவர்கள் அந்தத் தெருவின் பெண்கள்தான் என்பதை மறந்து விடக் கூடாது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். பத்தாம் வகுப்பில் பிள்ளை தோற்றதும் பதறுகிறோம். கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று போராடுகிறோம். இட ஒதுக்கீடு கேட்கிறோம். எல்லாம் நியாயமே. ஆனால் அந்தப் பிள்ளையின் அஸ்திவாரம் அதன் தாயின் மடியில், முதல் ஆயிரம் நாட்களில் போடப்பட்டது. அன்று அந்தத் தாயின் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தாரா?

வரும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஜமாஅத்தார் ஐந்து பேர் சேர்ந்து உங்கள் ஊர் அங்கன்வாடி எங்கே என்று விசாரித்து வையுங்கள். அது திறந்திருக்கும் அடுத்த நாளில் நேரில் போய், 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று அந்த டீச்சரிடம் கேளுங்கள். மற்றவை அங்கிருந்து தொடங்கும், இன்ஷா அல்லாஹ்!